தாம்பாளத்தோடு ஏறிய மேடு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு, ஈஸிச் சேரில் சாய்ந்து, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தேன். வாரம் பூராவும் ஆபீஸில் மாடாய் உழைக்கிறவனுக்கு அது ஒன்றுதான் சொர்க்கம். அதுவும் பொறுக்கவில்லை யாருக்கோ. வாசலில் சைக்கிள் மணி!

பக்கத்து வீட்டு ரவி. பேங்க்கில் வேலை. புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறான் — தடித்தடியாய் டயர், அடுக்கடுக்காய்ப் பல்சக்கரம்... மவுண்டன் பைக்காம். விலையைச் சொன்னான். இன்னொரு முறை சொல்லச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

"அங்கள், நீங்க லகாட் ஆளுதானே? அந்த மலைக்காட்டுத் தோட்டமெல்லாம் தெரியும்லா? அடுத்த வாரம் நானும் கூட்டாளிங்களும் போறோம். தார் ரோடே வேணாம். முழுக்கச் செம்மண் ரோடு!"

"என்ன வேலையாப்பா?"

"வேலையெல்லாம் இல்ல அங்கள். சும்மா... சுக்கா சுக்காதான்!"

சும்மாவாம்! ஜாலிக்காம்! எங்கள் ஊருக்குத் தார் ரோடு வராதா என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட சனம் நாங்கள். இவன் என்னடாவென்றால் காசைக் கொட்டிக் கொடுத்து, ஜல்லியில் இடுப்பை ஒடித்துக்கொள்ள வழி கேட்கிறான்.

மேசையில் மேப்பை விரித்தான். மூன்று கேள்வி கேட்டான். எவ்வளவு தூரம்? மேடு எப்படி? வழியில் தண்ணீர் கிடைக்குமா?

முதல் இரண்டுக்கும் பென்சிலால் கோடு இழுத்துக் காட்டிவிட்டேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. அந்த வழியில் ஒருநாள் தொண்டை வறண்டு போனவன் நான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா தவறிவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வீடு வீடாய்ப் போய் அழைக்கிற வேலை என் தலையில். வாகனம்? அப்பா விட்டுப்போன இரும்புச் சைக்கிள்.

அம்மாவுக்கு இரண்டு சகோதரர்கள். லகாட்டிலிருந்து செம்மண் ரோட்டில் போனால் முதலில் வரும் ரப்பர் எஸ்டேட் பாலத்துத் தோட்டம். அங்கே சின்ன மாமா. அதைத் தாண்டி, காட்டுக்குள் வளைந்து வளைந்து மலையேறினால் மேட்டுத் தோட்டம். அங்கே பெரிய மாமா. மூத்தவருக்குப் பாக்கு வைத்த பிறகுதான் இளையவருக்கு வைக்கலாம். ஆனால் ரோடு போட்ட வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள் சொந்தபந்தம் தெரியாதே... இளையவரை முன்னாலும் மூத்தவரைப் பின்னாலும் வைத்துவிட்டான்!

என் அக்கா கல்யாணத்தில் அப்பா அந்த ரோட்டை நம்பினார். "வழியில இருக்கிற வீட்டத் தாண்டிப் போயிட்டு, திரும்பி வந்து அழைக்கிறதா? கால் என்ன இரும்பா?" என்றார். சின்ன மாமாவுக்கு முதலில் வைத்தார். அப்பா மேடேறிப் போவதற்குள் தோட்டத்து லோரி சேதியை மேலே கொண்டுபோய்விட்டது. பெரிய மாமா தாம்பாளத்தைத் தொடவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. "மச்சானுக்குத்தான் தெரியல. கூடப் பொறந்தவன், நீ சொல்ல வேணாமா, மொதல்ல அண்ணனுக்கு வைங்கன்னு?" — தம்பியிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்குப் பிறகு லகாட் பாசாரில் எதிரே பார்த்தால்கூட ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

அக்காவின் மணவறையில் ஒற்றைத் தாய்மாமன் நின்றது அம்மாவுக்கு ஆறாத புண். என்னிடம் சொல்லிவிட்டார்: "ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிக்கணும். இல்லன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? சின்ன மாமா வீட்டில் நிற்கக் கூடாது. நின்றால், முதலில் அங்கே போனதாகிவிடும். சரி, நிற்காமல் போகலாமா? தாம்பாளத்தோடு ஒரு வாசலைத் தாண்டிப் போனால் அந்த வீட்டை அவமதித்ததாகிவிடும். ஆகவே ஒரே வழி — அவர் கண்ணிலேயே படாமல் போவது!

கிளம்பினேன். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி, பாக்கு பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, கேரியரில் கட்டியிருந்தார் அம்மா. காலையில் பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. லோரி போன தடத்தில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். தடத்தை விட்டு விலகினால் ஜல்லி சறுக்கும். பாதித் தூரம் நான் சைக்கிளில் போனேன். மீதித் தூரம் சைக்கிள் என்னோடு வந்தது.

பாலத்துத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்கு முன்னாலேயே ரோட்டை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்குள் புகுந்தேன். திருடன் மாதிரி! மத்தியானம் ஆகிவிட்டது, பால் எடுத்து முடித்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது என் கணக்கு. மழை பெய்தால் மரம் காயும்வரை பால் வெட்டு தொடங்காது, எல்லாமே தள்ளிப்போகும் என்பது டவுனில் வேலை பார்த்த என் மண்டைக்கு எட்டவில்லை.

ஒரு வேரில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்னால் படார். கேரியரின் ஒரு கால் முறிந்து, தாம்பாளம் உருண்டு, வெற்றிலையெல்லாம் சருகில். குனிந்தேன். கண்ணெதிரே இரண்டு கால்கள். பால் வாளியோடு சின்ன மாமா!

செத்தேன் என்று நினைத்தேன். அம்மா முகம்தான் கண்ணில் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். மேட்டுத் தோட்டம் இருக்கிற திசையைப் பார்த்தார். வாளியை இறக்கி வைத்தார்.

"கேரியர் முறிஞ்சிருச்சா மருமவனே?"

"ஆமா மாமா... வந்து..."

"பேசாத. வெத்தலைய நீயே பொறுக்கு. நான் தொடக் கூடாது."

மரத்தில் பால் வடியும் மங்கைக் கட்டுகிற கம்பி ஒன்றை இடுப்புப் பையிலிருந்து எடுத்து, முறிந்த காலை இறுக்கி முறுக்கிக் கட்டினார். கையால் அழுத்திப் பார்த்தார். நான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட, "மாமா, கொஞ்சம் தண்ணி..." என்றேன்.

"குடுக்க மாட்டேன்லா. என் கையால தண்ணி குடிச்சா நீ என்கிட்டத்தான் மொதல்ல வந்ததா ஆயிரும். போ. அண்ணனுக்கு வச்சிட்டு வா. நான் ஒன்னையப் பாக்கல."

சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஏறிய மேட்டை எழுதவே எனக்கு மூச்சு வாங்குகிறது. இருபுறமும் காடு, தலைக்கு மேல் வெயில், சைக்கிளைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டை இற்றுப்போனது. எனக்கு அழுகை வந்தது. அசதியிலா, சின்ன மாமாவை நினைத்தா என்று இன்றைக்கும் தெரியாது.

மேட்டுத் தோட்டத்தில் பெரிய மாமா வாசலில் விறைப்பாய் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டுத் தாம்பாளத்தை நீட்டினேன். வாங்கவில்லை. எழுந்து போய் சைக்கிளைச் சுற்றி வந்தார். கேரியரில் கை வைத்தார்.

"இத யாரு கட்டுனது?"

"வழியில... ஒருத்தர் மாமா."

"அந்த ஒருத்தனுக்கு எடது கைப் பழக்கமோ? முறுக்கு எதிர்ப்பக்கமா ஓடுது."

சின்ன மாமா இடது கைக்காரர்.

"தாம்பாளத்தப் பாத்தானா?"

"பாத்தாரு மாமா. ஆனா தொடல. தண்ணிகூடக் குடுக்கல. மொதல்ல அண்ணனுக்கு வச்சிட்டு வான்னுட்டாரு."

பெரிய மாமா கம்பியை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே பார்த்து, "புள்ளைக்கு மொதல்ல தண்ணி குடு!" என்று அத்தையை அதட்டினார்.

சொம்பைக் காலி செய்துவிட்டு நிமிர்கிறேன்... மனுஷர் சட்டையை மாட்டிக்கொண்டு, மீதி வெற்றிலை இருந்த தாம்பாளத்தோடு வாசலில் நிற்கிறார்.

"போலாம். அவனுக்கு நானும் கூட வந்து வைக்கிறேன்."

"மாமா, கேரியர் முறிஞ்சு..."

"அவன் கட்டுனா தாங்கும். மிதி."

இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள். அந்த ரோட்டில் இறக்கத்துக்கு நடுவே நாலு ஏற்றம் வரும். மாமா நல்ல கனம். ஒரு ஏற்றத்தில்கூட இறங்கவில்லை! கம்பியும் அவிழவில்லை.

பாலத்துத் தோட்டத்தில் சின்ன மாமா குளித்துவிட்டுத் துண்டோடு வாசலில் நின்றார். அண்ணனைப் பார்த்ததும் துண்டு தோளிலிருந்து இறங்கியது.

"வாங்கண்ணே..." என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மருமவனே! நீ எப்ப வந்த? சேதியே தெரியாதே!"

என்ன நடிப்பு! பெரிய மாமா சிரிக்காமல் சொன்னார்: "மேல எங்க வீட்டுக்குத்தான் நேரா வந்தான். வழியில கேரியர் முறிஞ்சு, எவனோ ஒருத்தன் கட்டி விட்டானாம்பா. நல்ல மனுசன்."

சின்ன மாமா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

தங்கையின் மணவறையில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். அம்மா அன்றைக்கு அழுததை எழுத இந்தப் பக்கம் போதாது. எனக்கு மட்டும் கல்யாணம் முடிந்த பிறகும் தொடை வலி போகவில்லை. இப்போது பத்திரிகையெல்லாம் தபாலில் வருகிறது. வராவிட்டால் கோபித்துக்கொள்ளக்கூட யாருக்கும் தெம்பில்லை. எனக்கும்தான்.

"அங்கள்! தண்ணி கிடைக்குமான்னு கேட்டேனே?" — ரவி இன்னும் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த வீட்டுலயும் குடுப்பாங்கப்பா. கையில தாம்பாளம் மட்டும் இல்லாமப் பாத்துக்க."