முட்டைக் கடையில் ஓர் ஆள் குறைவு

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தச் சொன்ன மகராசனே, என் கடை இப்படிக் கிடப்பதற்கு நீங்கள்தான் காரணம். முட்டை விற்கிறவனுக்குக் கோபம் ஆகாது என்பார்கள். ஜெலுத்தோங் மார்க்கெட்டில் இருபது வருஷமாகக் கோபத்தோடேயே விற்கிறேன். வாடிக்கை உடையாமல் பார்த்துக்கொண்டது என் மனைவி தேவி. அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க தினமும் மருந்து. அந்த மருந்தே எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுகிறது. கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும். ஒரே வருஷத்தில் மூன்று தடவை இறங்கிவிட்டது. காலையில் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுக் கடை திறக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆறு வாரம்

முதல் தடவை வந்தபோது நாலு வாரம் மாத்திரை. முழுசாக முடித்தாள். அப்படியும் கிருமி திரும்பியது. இந்த மாதிரி உடம்பில் எங்கேயாவது பதுங்கியிருந்து திரும்புமாம். இரண்டாம் தடவை ஆறு வாரம் என்றார் டாக்டரம்மா. அதை முடித்து, காய்ச்சலும் வராமலிருந்தால் கடைக்குப் போகலாம் என்றார்.

எனக்குப் பள்ளிக்கூடம் மார்க்கெட்தான். அங்கே முதலில் சொன்ன விலைக்கு யாரும் வாங்கியதில்லை. "மாத்திரை போட்டா சோறே இறங்க மாட்டேங்குது டாக்டர். நாலு வாரம் ஆக்குங்க" என்று குரலை உயர்த்தினேன். அந்தம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. "என்கிட்ட பேசிட்டீங்க அண்ணே. கிருமி அவங்க ரத்தத்துல இருக்கு, அதுகிட்ட யார் பேசுறது?"

நீல நாற்காலி

தேவியின் பிளாஸ்டிக் நாற்காலி கடையில் அப்படியே இருக்கிறது. பத்து மணிக்கு ஒரே பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணீர் வாங்கி இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிப்போம். இப்போதும் வாய் தவறி இரண்டு ஸ்ட்ரா கேட்டுவிடுகிறேன். ஒருநாள் மீன் வாங்க வந்தவன் அந்த நாற்காலியில் ஈரப் பையை வைத்தான். கத்தின கத்தலில் பக்கத்து வரிசையே திரும்பிப் பார்த்தது. தேங்காய் விற்கிற குமார் வந்து நாற்காலியைத் துடைத்தான். "அண்ணே, அக்கா திரும்பி வர்றப்போ உட்கார நாற்காலி இருக்கும், வாங்குறதுக்கு ஆள் இருக்காது லா."

டீச்சர்

யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், ஓய்வு பெற்றவர், வாரம் முப்பது முட்டை அடுக்கிய தட்டு ஒன்று எடுப்பார். தேவி ஒவ்வொரு முட்டையையும் கெட்டதா என்று டார்ச் விளக்கில் காட்டித்தான் அடுக்குவாள். நானும் காட்டினேன். அவர் பத்து முட்டையோடு நிறுத்திக்கொண்டார். குறை என்ன என்று எகிறினேன். "முட்டையில ஒரு குறையும் இல்லைத் தம்பி. அவ சிரிச்சுக்கொண்டு எண்ணித் தருவா, நீர் சண்டை பிடிச்சுக்கொண்டு எண்ணுறீர்."

மச்சான் சொன்ன வைத்தியம்

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்கிற தேவியின் அண்ணன் லீவு நாளில் பார்க்க வந்தார். ஆறு வாரத்தில் மூன்றாவது வாரம் அது. காய்ச்சல் இல்லை, ஆனால் தட்டில் சோறு அப்படியே. "முதல் தடவை முழுசாத்தானே சாப்பிட்டே? அப்படியும் திரும்பி வரலியா? காய்ச்சல் இல்லாத உடம்புக்கு எதுக்கும்மா இது?" என்றிருக்கிறார். கிருமி மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டாள், எனக்குத் தெரியாமல்.

ஒன்பதாம் நாள் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதே கிருமி. ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சானை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். தலையைக் குனிந்துகொண்டு போனவர் போனவர்தான். அப்புறம் தேவியிடம், என்னை விட்டு அவர் பேச்சை ஏன் கேட்டாய் என்றேன். "எனக்குள்ள இருக்கிறது அண்ணன் குடுத்த கிட்னி. அவர் பேச்சை எப்படிங்க தள்ளுவேன்?"

மறுபடியும் மூன்றாவது வாரம்

இப்போது மூன்றாம் தடவை மாத்திரை ஓடுகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கெஞ்சினேன், மிரட்டினேன், கடைக்கு வர வேண்டாமா என்று ஆசை காட்டினேன். கடைசியில் விழுங்கினாள். மச்சானுக்கு எத்தனையோ தடவை போன் போட்டேன். என் நம்பரைப் பார்த்து எடுக்கவில்லை. தேவி தண்ணீர் கிளாஸைக் கீழே வைத்தாள். "இன்னைக்கு உங்களுக்காக. நாளையிலிருந்து அண்ணன் சொன்னாத்தான்."

தப்பாகச் சொன்னது நீங்கள், ஊர் கூட்டி ஏசினது நான், அந்தச் சண்டையை அப்புறம் ஆசை தீரப் போட்டுக்கொள்ளலாம் மச்சான், முதலில் என் போனை எடுத்து, "ஒண்ணு விடாம சாப்பிடும்மா" என்று உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லுங்கள்.