எட்டு வீடுகளின் சூடு

துஷாந்தியோடு ஆறு வருடம் ஒரே அறையில் வேலை செய்தவன் நான். அவர் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதி வருவதை எங்கள் தொண்டு நிறுவனத்தின் கண்டி அலுவலகத்தில் கணினியில் ஏற்றுவது என் வேலை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் கட்டிக் குண்டசாலையில் குடியிருப்பவர். கேள்வித்தாளின் கடைசியில் "வேறு குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள். துஷாந்தியோ பின்பக்கம் வரைக்கும் எழுதித் தள்ளுவார். ஏற்றுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பே கிடையாது. பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

போன வருடம் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய நாற்பது லயன் வீடுகளுக்குப் புகை குறைந்த புதிய விறகடுப்பு கொடுத்தோம். ஒவ்வொரு அடுப்பிலும் சூட்டைப் பதிகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கம்பியால் கட்டினோம். வாய் பொய் சொன்னாலும் பெட்டி சொல்லாது என்பது பணிப்பாளரின் நம்பிக்கை. புதிய அடுப்பில் சமைக்கவில்லை என்று தெரிந்தால், அடுத்த கட்டமாகப் பழைய அடுப்புகளுக்குப் புகைபோக்கி கட்டிக் கொடுப்பதாகத் திட்டம். சமைத்தால் அது தேவையில்லை.

ஆறு மாதப் பதிவில் நாற்பது பெட்டிகளும் தினமும் விடியற்காலையிலேயே சூடாகியிருந்தன. பணிப்பாளர் கேக் வெட்டாத குறை. ஒரு வீடுகூட விடாமல் சூடானதில் துஷாந்திக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸில் ஏறிக் கமலம் வீட்டுக்குப் போனார்.

கமலம் கொழுந்து பறிப்பவர். அவருடைய ஐந்து வயது மகளுக்கு மூச்சிழுப்பு. மாதத்தில் இரண்டு முறையாவது ஆஸ்பத்திரி. துஷாந்தி நுழைந்தபோது அடுப்படி முழுக்கப் புகை. ரொட்டி வெந்தது பழைய அடுப்பில். பெட்டியும் அங்கேதான் கட்டியிருந்தது. புதிய அடுப்பு மூலையில் துடைத்து வைத்தபடி இருந்தது.

புதிய அடுப்புக்கு விறகைச் சாண் அளவில் வெட்டிப் பிளக்க வேண்டும். தோட்டத்தில் கிடைப்பதோ தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சிகள், நீட்டு நீட்டாக. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டியவர் எப்போது வெட்டுவது? பழைய அடுப்பில் நுனியை வைத்துத் தள்ளிக்கொண்டே போகலாம். பெட்டி குளிர்ந்தால் அடுப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, அந்த லயனின் எட்டு வீட்டுக்காரரும் பெட்டியை இடம் மாற்றிக் கட்டியிருந்தார்கள்.

உண்மையை எழுதினால் புகைபோக்கி வரும் என்று துஷாந்தி விளக்கிப் பார்த்தார். வரும் வரும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் கமலம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"எழுதிராதீங்க மிஸ். ஞாயித்துக்கெழம புது அடுப்புலதான் சோறாக்குறோம். அடுப்பயும் தூக்கிட்டுப் போயி, லிஸ்ட்டுல பேரயும் வெட்டிருவாங்க."

துஷாந்தி கண்டிக்குத் திரும்பி வந்தார்.

"கும்பிட்டுக் கேட்டவ, நளீர். எண்டாலும் நான் எழுதத்தான் போறன். அந்தப் பிள்ளைக்கு மூச்சு விடேலாமல் கிடக்கு" என்றார் என்னிடம். நாலு பக்கம் எழுதினார். முதல் தடவையாக முணுமுணுக்காமல் ஏற்றினேன்.

பணிப்பாளர் வாசித்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். பெட்டியை மாற்றிய வீடுகளின் பதிவு நம்பத்தகாதது, அவற்றை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். மற்ற முப்பத்திரண்டு வீடுகளையும் போய்ப் பார்க்கிறேன் என்று துஷாந்தி கேட்டதற்கு, நேரமில்லை என்றார். கணினியில் அந்த எட்டு வரிகளையும் அழித்தது நான்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. திட்டம் வெற்றி என்று அறிக்கை போனது. புகைபோக்கித் திட்டம் நின்றுபோனது.

இரண்டு மாதம் கழித்துக் கமலம் துஷாந்திக்குப் போன் எடுத்தார். துஷாந்தி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது. அடுப்பைக் கேட்டு யாரும் வரவில்லையாம்.

"நீங்க எழுதலன்னு வெளங்கிருச்சு மிஸ். இந்த ஒதவிய மறக்கவே மாட்டோம்."

மகள் எப்படி என்று துஷாந்தி கேட்டார். போன கிழமை ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தார்களாம். தான் எழுதியதைச் சொல்லத் துஷாந்தி வாயெடுத்தார். பிறகு, அந்த நன்றியை ஏற்றுக்கொள்பவர் மாதிரி, "ஓம் கமலம்" என்று மட்டும் சொன்னார்.