சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

போன கிழமை மத்தியானம், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தேன். ஒரு கோப்பைதானே, எவ்வளவு நேரம் எடுக்கும்? கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனோடு வந்து உட்கார்ந்தேன்.

குருநகரில் எங்கள் கோயிலுக்கு இப்போது இணையத்தளம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்பது அதில்தான். பெயரை அடித்தால், அந்த ஆத்துமாவுக்காக இந்த வருஷம் யார் பூசை கேட்டிருக்கிறார்கள் என்று காட்டும்.

என் மனைவி பிலோமினாவின் பெயரை அடித்தேன். அடுத்த மாதம் அவள் கண்மூடிய நாள் வருகிறது. பிரான்ஸில் இருக்கும் மகன் யூட்தான் வழக்கமாக ஆண்டுப் பூசை கேட்பான். இந்த முறை கேட்டானா? ஃபோன் எடுத்து விசாரிக்கலாம்தான். ஆனால் அது ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடும். பெற்ற தாயை ஒருவனுக்கு ஞாபகப்படுத்துவதா…

ஃபோனில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சும்மா பார்த்துக்கொண்டு இருப்பானேன் என்று செபமாலையைக் கையில் எடுத்தேன். செபமாலை முடிந்தது. வட்டம் முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவ்வளவு நேரம் தேடுகிறது என்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லாத ஒன்றை யார் இப்படித் தேடுவார்கள்?

பின்னேரம் கொழும்புத்துறைக்கு, வினிற்றாவின் வீட்டுக்குப் போனேன். தளத்தைச் செய்து கொடுத்தவள் அவள்தான். ஃபோனை வாங்கிப் பார்த்தாள். தன் கம்பியூட்டரிலும் எதையோ பார்த்தாள்.

“அங்கிள், இது தேடேல்லை. நீங்கள் கேட்ட உடனையே பதில் வந்திட்டுது.”

“அப்ப அந்தப் பதில் எங்கை, பிள்ளை?”

“வெறுமையா வந்தது.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினாள். விவரம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இடம் டேட்டாபேஸ். ஃபோனில் தெரியும் பக்கம்தான் போய் அதனிடம் கேட்கும். ‘ஒன்றுமில்லை’ என்று அது சட்டென்று சொல்லிவிட்டது. ஆனால் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பக்கத்துக்கு இவள் எழுதிக் கொடுக்கவில்லை. கை வெறுமையாக இருந்ததைப் பார்த்த பக்கம், தான் கேட்டது அங்கே கேட்கவில்லையாக்கும் என்று திரும்பத் திரும்பப் போய்க் கேட்டிருக்கிறது. அதனால் மற்றவர்களின் ஃபோனிலும் தளம் நகராமல் நின்றதாம்.

“இல்லையெண்டதும் ஒரு பதில்தான் அங்கிள். ஒருக்கால் கேட்டால் காணும், திரும்பக் கேக்கத் தேவையில்லை. வட்டத்தை நிப்பாட்டிப்போட்டு, ஆளுக்கு அதைச் சொல்லவேணும்.”

அதுக்குள்ளே நான் ஒரு செபமாலை சொல்லி முடித்துவிட்டேன் என்றேன்.

“அப்ப என்ரை பிழையாலை மாதாவுக்கு லாபம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியவள் அவள். வெறுமையாக வந்த பதில் எனக்கு என்ன சொல்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். யூட் அண்ணைக்கு அங்கே சரியான வேலையாக இருக்கும் என்றாள். ஓம், இருக்கும் என்றேன்.

அந்த இடத்திலேயே திருத்தத் தொடங்கினாள். ‘தரவு இல்லை’ என்று அடித்துக் காட்டினாள். கதவை முகத்தில் சாத்தின மாதிரி இருக்கிறது என்றேன்.

“அப்ப நீங்களே சொல்லுங்கோ, என்ன போட?”

“இன்னும் ஒருதரும் கேக்கேல்லை எண்டு போடு.”

“இன்னும் எண்டால் பிறகு கேப்பினம் எண்டு வரும். கம்பியூட்டருக்கு அது தெரியாதே அங்கிள்.”

“எனக்கும் தெரியாது. நீ போடு, பிள்ளை.”

போட்டாள். அதற்குக் கீழே ‘நீங்கள் கேட்கலாம்’ என்று ஒரு பட்டனும் வைத்தாள். வெறும் பக்கத்தில் ஆளை அப்படியே நிற்க விடக்கூடாதாம்.

வீட்டுக்கு வந்து மறுபடி பெயரை அடித்தேன். வட்டம் இல்லை. கண்ணை மூடித் திறக்க முதல் வந்துவிட்டது: ‘இந்த ஆத்துமாவுக்காக இன்னும் ஒருவரும் பூசை கேட்கவில்லை.’ அவ்வளவு விரைவாக வந்திருக்கத் தேவையில்லை…

நாங்களும் இப்படித்தானே? பதில் வந்த பிறகும் வராத மாதிரி எத்தனை வட்டங்களைச் சுற்ற விட்டிருக்கிறோம்? ஆண்டவரிடம்கூட ஒன்றையே நாள்தோறும் கேட்கிறேன். அவர் எப்போதோ சொல்லி முடித்திருப்பாரோ?

பட்டனை அழுத்தினேன். மகன் கேட்பான், மகன் கேட்பான் என்று இருந்த எனக்கு, கட்டின புருஷனும் கேட்கலாம் என்பது அதுவரை தோன்றவே இல்லை.

‘கேட்பவர்’ என்ற பெட்டியில் என் பெயரை எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு பக்கத்தில் யூட்டின் பெயரையும் எழுதி அனுப்பினேன். திரும்பத் தேடினேன். பிலோமினாவின் பெயருக்குக் கீழே அப்பனும் மகனும் ஒரே வரியில் இருந்தோம்.

யூட்டிடம் இதைச் சொல்லவில்லை. இன்னும்.