பதினான்கு நாற்காலிகள்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். நடைவழியின் கோடியில் ஒரு காவலர் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் முதலில் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்துப் போனார். மூன்றாவது ஆள் வாளியும் தரை துடைக்கும் கட்டையும் கொண்டுவந்தார். சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, காலையில் நடந்த மினிபஸ் விபத்தில் காயம்பட்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போது நான் ஒரு நாளிதழின் கடலூர் மாவட்ட நிருபர். நாற்காலிகள் போவதைப் பார்த்ததும் குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். உள்ளே யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள்.

அந்தப் பொருள் வெளியாட்களுக்குத் தெரியாது. ஏற்பாடு என் அண்ணியுடையது. அண்ணி அந்த மருத்துவமனையில் மதிய ஷிப்ட் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஒரு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பதினோரு காவலர்கள் அவருக்குக் கீழே. கேட்டில் பாஸ் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடத்தில் அந்த இடத்துக்கு வந்தவர். ஒரு முறை, இறப்புச் செய்தி கேட்ட கணத்தில் ஒருவர் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் அடித்தார். சில்லுகள் பட்டு ஒரு நர்ஸுக்குக் கழுத்தில் தையல் போடவேண்டி வந்தது. அதற்குப் பிறகு அண்ணி ஒரு நடைமுறை வகுத்தார். இறப்பை உறுதி செய்ததும் டாக்டர் முதலில் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். உடனே தரை துடைக்கப்போவதுபோல வாளி வரும். பதினான்கு நாற்காலிகளும் பக்கத்து அறைக்குப் போகும். நெருங்கிய உறவுப் பெண்களுக்கு அருகில் இரண்டு பெண் காவலர்கள் போய் நிற்பார்கள். எல்லாம் மூன்று நிமிட வேலை. அதன் பிறகே டாக்டர் வெளியே வந்து சொல்வார். உறவினர்கள் யாரும் கவனித்ததில்லை. நான் கவனித்தேன். சில மரணங்களை டாக்டர் சொல்வதற்கு முன்பே அந்த நாற்காலிகள் எனக்குச் சொல்லியிருக்கின்றன. அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. கீரப்பாளையத்தில் அவர்கள் வீட்டில் சோறு போடும்போது ஒரு நாள், “என் நாற்காலியப் பாத்து நியூஸ் எழுதுறீங்க தம்பி. ஒரு நாளைக்கு அது உங்களையே கவுத்துடும்” என்றார். அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டில்தான் நான் தம்பி. மருத்துவமனை கேட்டில் சார். மற்ற நிருபர்களைப் போலவே என்னையும் நிறுத்தி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே விடுவார். யார் இறந்தார், என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்டு ஒரு வரிகூட நான் வாங்கியதில்லை. குள்ளமான உருவம். நீலச் சட்டை, கறுப்பு பேண்ட், சட்டைப் பையில் விசில். அந்த விசிலை அவர் ஊதி நான் கேட்டதே இல்லை.

அன்று உள்ளே இருந்தது குமராட்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். நடவு வயலில் பாம்பு கடித்திருந்தது. மூன்று மணிக்குக் கொண்டுவந்தபோது பேசினாளாம். மூன்றரைக்குள் இமை தூக்க முடியவில்லை, பிறகு மூச்சுவிட முடியவில்லை. ஒரு நர்ஸ் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்று செலுத்திக்கொண்டிருந்தார். இவை எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது தெரிந்தது வெளியே இருந்த கூட்டம் மட்டும்தான். முதலில் ஏழெட்டுப் பேர். பிறகு ஒரு வேன் நிறைய ஊர் ஆட்கள் வந்தார்கள், அதன் பின்னால் ஒரு டெம்போ. நடவுச் சேறு காலில் காயாமல் அப்படியே வந்த பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கடிபட்டவளின் அம்மா ஒரு நாற்காலியில் இருந்தார். அவரது மூத்த மகன், அதாவது கடிபட்டவளின் அண்ணன், உயரமான ஆள், நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். தங்கையின் கணவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சொல் எறிந்தார். “பாம்பு பூச்சி இருக்கிற வயல்னு தெரியுமில்ல மாப்ள? தெரிஞ்சே எறக்கி வுட்டியே!”

நாற்காலிகள் போகத் தொடங்கின. கடைசியாக அம்மாவையும் எழுந்திருக்கச் சொல்லி அவர் உட்கார்ந்திருந்ததையும் எடுத்தார்கள். இரண்டு பெண் காவலர்கள் அந்த அம்மாவின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. பதிப்புக்கு அனுப்பும் செய்தியில் இறந்த நேரம் வேண்டும். நாற்காலியோடு என்னைக் கடந்த காவலரிடம் கேட்டேன்:

“எத்தனை மணிக்கு?”

இரண்டு சொல். அவர், “தெரியல சார்” என்று சொல்லிவிட்டு நடந்தார். என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த ஆளை நான் பார்க்கவில்லை.

“எத்தனை மணிக்குன்னா என்னா சார்?” என்றார் கடிபட்டவளின் அண்ணன். பேனாவை மூடினேன். அதுவே அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது. அம்மாவின் இரு பக்கமும் நின்ற காவலர்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு நடை முழுவதும் கேட்கும்படி, “பேப்பர்காரரே கேக்குறாரு, எத்தனை மணிக்கு முடிஞ்சுதுன்னு! செத்தவள உள்ள வச்சிக்கிட்டு நம்மகிட்ட நாடகம் ஆடுறானுங்கடா!” என்று கத்தினார்.

அடுத்த அரை நிமிடத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். அது என் தொழில். அம்மா தரையில் சரிந்தார். பெண்கள் ஒரே குரலாக அழுதார்கள். ஆண்கள் கண்ணாடிக் கதவை நோக்கி வந்தார்கள். கதவின் முன்னால் இருந்த இரண்டு காவலர்களில் ஒருவர் விலகிவிட்டார். கதவு உள்பக்கமாகத் திறந்தது. அண்ணி வெளியே வந்து அதைத் தன் முதுகால் மூடி, கையைப் பின்னால் கொடுத்து நாதாங்கியைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து அந்த வாளி பறந்து வந்தது. தடுக்க நீட்டிய அவருடைய இடது மணிக்கட்டில் பட்டுக் கீழே விழுந்தது. அழுக்குத் தண்ணீர் அவருடைய சட்டை முழுவதும் வழிந்தது. நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், வாளி இருந்தது.

“உசுரோட இருக்கா” என்றார் அண்ணி. யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னார். கூட்டத்தில் ஒருவன், “அப்பறம் எதுக்குடி வாளியத் தூக்கிட்டு வந்தீங்க?” என்றான். அண்ணி காலடியில் கிடந்த வாளியைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். அந்தப் பெண்ணைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். மூச்சுக் கருவி அங்கேதான் இருந்தது. அதற்கு இந்த நடையைத் தவிர வேறு வழி கிடையாது. ஸ்ட்ரெச்சர், பை அமுக்கும் நர்ஸ், டாக்டர், சிலிண்டர் எல்லாம் போக அகலம் போதாது. டாக்டர் வழி கேட்டார். அண்ணி வாக்கி டாக்கியில், “நாற்காலிய எடுங்க” என்று மட்டும் சொன்னார். இரண்டு வருடமாக அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் பழகியிருந்த குழு, சொல்லாமலே வாளியையும் கொண்டுவந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் ஆளையும் நிறுத்தியது. உயிரைக் கொண்டுபோக வழி விடச் சொன்னதை, அவருடைய ஆட்களே சாவு என்று நினைத்தார்கள். நானும்தான்.

அண்ணியின் தோளுக்கு மேலே, கண்ணாடிக்கு அப்பால், ஒரு கை பையை அமுக்குவதும் விடுவதும் தெரிந்தது. அந்தக் கை நின்றால் எல்லாம் முடிந்தது. கதவு உடைந்தால் அந்தக் கை நிற்கும்.

அண்ணி கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார். “தம்பி” என்றார். கேட்டுக்கு உள்ளே அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “இங்க வாங்க. கேட்டத நீங்களே திருப்பி வாங்கிக்குங்க. அவுங்ககிட்ட சொல்லுங்க.”

அந்த உயரமான ஆளின் முன்னால் போய் நின்றேன். “எனக்கு எதுவும் தெரியாதுங்க. நாற்காலி போறதப் பாத்துட்டு நானா நெனச்சிக்கிட்டேன். யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லல” என்றேன். பதினாறு வருட நிருபர் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் அத்தனை பேர் அத்தனை கவனமாகக் கேட்டதில்லை. அவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். இரண்டு பொத்தான்கள் தெறித்தன. “நீயா நெனச்சிக்கிட்டியா? எங்க வூட்டுப் புள்ள செத்துட்டான்னு நீயா நெனச்சிக்கிட்டியா?” அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, பக்கத்து அறையிலிருந்து அண்ணி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார், ஒற்றைக் கையால். கதவில் அவருடைய இடத்தில் இரண்டு பெண் காவலர்கள் நின்றார்கள். நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் போட்டார். அவரைத் தூக்கி அதில் உட்காரவைத்தார். “நாற்காலிய எடுத்தது எங்க தப்பு. உக்காருங்கம்மா. உங்க பொண்ணு உங்க முன்னாடியே போவா, பாத்துக்குங்க.”

பிறகு அந்த அண்ணனிடம் திரும்பினார். “நீங்க ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. கத்தக்கூடாது. பாருங்க. பாத்துட்டு வந்து நீங்களே உங்க ஆளுங்களுக்குச் சொல்லுங்க.” அவசர சிகிச்சை நடக்கும்போது உறவினர் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அவரே கேட்டில் எழுதி ஒட்டியிருந்த விதி.

ஆபத்தான முடிவு என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஏனென்றால் உள்ளே கிடந்தவளைப் பார்த்தால் யாரும் உயிர் இருப்பதாகச் சொல்லமாட்டார்கள். கதவு பாதி திறந்திருந்த இடைவெளியில் நானும் பார்த்தேன். இமைகள் பாதி மூடி, கைகள் தொங்கி, வாயில் குழாய். அந்த ஆளின் தோள்கள் மேலேறுவதையும் கை முறுக்கேறுவதையும் பார்த்தேன். டாக்டர், இளம் வயதுக்காரர், அவரைக் கவனிக்கவே இல்லை. குனிந்து அந்தப் பெண்ணின் காதருகில், “உங்க அண்ணன் வந்திருக்காரும்மா. கேக்குதுன்னா கால் வெரல அசைங்க” என்றார்.

எத்தனை நொடி என்று என்னிடம் கணக்கில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் விட்டது அந்த ஒரு இடத்தில்தான். வலது காலின் இரண்டாவது விரலில், சேறு அப்பிய மெட்டி, ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது.

அண்ணன்காரர் உட்கார்ந்துவிட்டார். உடனே எழுந்தார். வெளியே வந்து கத்தினார். “வழி வுடுங்கடா! உசுரு இருக்குடா! டேய், செவுத்தோட ஒட்டுடா! மாப்ள, நீ இந்தப் பக்கம் கைகோத்து நில்லு!” கதவை உடைக்க வந்த அதே ஆண்கள் இரண்டு பக்கமும் கைகோர்த்து நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் நடுவில் போனது. நர்ஸ் பக்கவாட்டில் ஓடியபடியே பையை அமுக்கினார். அம்மாவின் நாற்காலியைக் கடக்கும்போது ஸ்ட்ரெச்சரின் இரும்பு விளிம்பு அதன் முதுகில் இடித்தது. நாற்காலியின் முதுகில் ஒரு விரிசல் விழுந்தது. நான்கு மணி இருபத்தொன்பது நிமிடத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடியது. அண்ணி சுவரில் சாய்ந்து, வீங்கிய மணிக்கட்டை அப்போதுதான் பார்த்தார். பக்கத்தில் நின்ற காவலரிடம், “வாளி யாருது, நம்மளுதுதானே? தண்ணியத் தொடச்சிடுங்க. யாராவது வழுக்கி வுழப்போறாங்க” என்றார்.

அந்தப் பெண் பதினோராம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள். அதற்கு இரண்டு நாள் முன்னதாக அண்ணியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கையில் கட்டோடு போனார். அறிக்கையைச் சம்பவத்தன்று இரவு ஷிப்ட் முடிவதற்குள் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். நாற்காலிகளை எடுக்கச் சொன்னது நான், காரணத்தை உறவினர்களிடம் முன்கூட்டிச் சொல்லாதது என் தவறு, விதியை மீறி ஒருவரை உள்ளே விட்டதும் நான். மூன்று வாக்கியம். சூப்பர்வைசர் பொறுப்பை எடுத்துவிட்டு, செக்யூரிட்டி ஏஜென்சி அவரைக் கடலூரில் வேறொரு மருத்துவமனைக்குக் காவலராக மாற்றியது. கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம், அங்கிருந்து கடலூர் என்று இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். திருப்பாதிரிப்புலியூரில் என் வீடு அவருடைய மருத்துவமனைக்கு நடக்கிற தூரம். ஒரு நாள் சாப்பிட வந்தபோது கேட்டேன், அறிக்கையில் என்னைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று. “நீங்க என் ஸ்டாஃப் இல்லியே தம்பி” என்றார். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். பிறகு, “ஆனா நீங்க வந்து அந்தாளு முன்னாடி நின்னீங்க பாருங்க, அதுவும் எழுதல. ரெண்டும் சரியாப் போச்சு” என்றார். சரியாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணி சென்ற வருடம் வேலையை விட்டார். மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். போன மாதம் ஒரு நண்பரைப் பார்க்க அந்தச் சிதம்பரம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மாலை நான்கு மணி ஆகியிருந்தது. அதே நடை. யாருக்கோ காத்திருந்த ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. இப்போது அங்கே இருப்பவை இரும்பு இருக்கைகள். தரையோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள், யாரும் தூக்க முடியாது. பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே பழைய நீல நாற்காலி ஒன்றின் மேல் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள். முதுகில் விரிசல் இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற இளம் காவலர், “யார் சார் வேணும்?” என்றார்.

அந்த நாள் பற்றி நான் அனுப்பிய செய்தி ஒன்பது வரி. நாற்காலிகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை.