எண்ணெய் பூசச் சொன்னது நஸீர்தான்

நஸீர் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியை அலுவிகாரைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன். மாத்தளை மின்நிலையத்தில் அவர் போர்மன், நான் இன்ஸ்பெக்டர். பக்கத்துப் பக்கத்து மேசை. அனுதாபக் கூட்டத்தில் நான் பேசியதை உங்களில் பலர் கேட்டீர்கள். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

உயர் அழுத்தக் கம்பி டிரான்ஸ்போமருக்குள் இறங்கும் இடத்திலுள்ள பீங்கான் குழலைப் புஷிங் என்போம். ஒரு மார்கழியில் எங்கள் புஷிங்குகள் மூன்றிலும் தீப்பொறி பறந்தது. பழுது உள்ளே என்றால் டிரான்ஸ்போமரைக் கொழும்புக்கு ஏற்ற வேண்டும். நகரம் வாரக்கணக்கில் இருட்டில் கிடக்கும். பனி இறங்கிய காலைகளில் மட்டும் அவை சீறுவதையும், வெயில் ஏறியதும் அடங்குவதையும் நஸீர் கவனித்தார்.

“வயித்து வலியா, தோல் சொறியான்னு மொதல்ல பாப்போம்” என்றார்.

மின்சாரத்தை நிறுத்தி, ஒரு புஷிங்கை மட்டும் துடைத்தார். மறுநாள் பனியில் மற்ற இரண்டும் சீறின. துடைத்தது சும்மா இருந்தது. பக்கத்துச் சுண்ணாம்புச் சூளையிலிருந்து வந்த தூள் படிந்து, பனியில் நனைந்து, அதன் வழியே மின்சாரம் ஓடியிருக்கிறது.

இதுவரை கூட்டத்தில் சொன்னேன். தூள் அவ்வளவு தடிப்பாக ஒட்டியது ஏன் என்று வந்தபோது, “பராமரிப்பில் ஒரு சிறு பிழை” என்று கடந்துவிட்டேன். பராமரிப்பு லைன்மன் அன்டனியின் வேலை. பலர் பின்வரிசையில் இருந்த அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்தது வேறு. துடைத்த துணி பிசுபிசுத்தது. பெரிய என்ஜினியர் அதை மோந்து பார்த்து, “தேங்காயெண்ணெ. யார் வேல இது?” என்று அன்டனியிடம் கேட்டார். அன்டனியின் வேலை போய்விடும் நிலை. நஸீர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“நான்தான் பூசச் சொன்னேன், சேர். மந்திரி பாக்க வாராரு, பளபளன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“அடுத்த தடவ பொட்டும் வச்சி விடுங்க” என்றார் என்ஜினியர்.

அந்த வருடம் நஸீருக்குக் கிடைக்கவேண்டிய பதவி உயர்வு கிடைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவருடைய மகன் என்னிடம் வந்தார். “மாமா, எண்ணெக் கதைய விட்டுட்டீங்களே. வாப்பா வீட்டுல அதத்தானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

“அவர் மரியாதைக்காகத்தான் தம்பி.”

“அப்ப அன்டனி அண்ணன்ட மரியாத?”

வாசலில் அன்டனியைப் பிடித்தேன். “பரவாயில்லங்க ஐயா. நஸீர் ஐயா இருந்திருந்தா சொல்லியிருப்பாரு” என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் கூசி நின்றேன்.

தன் பிழையைத் தன் வாயால், கேட்கவேண்டியவர்கள் முன்னால் சொல்வது: நஸீரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான். அது எனக்கு எழுத்தில் மட்டுமே வருகிறது. ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை அன்டனியின் வீட்டுக்குப் போகிறேன். அவருடைய மனைவியும் இருக்கும்போது வாயால் சொல்லிவிட வேண்டும்.