வளைவை வெட்டச் சொன்னார்கள்

ஆற்றைக் கம்ப்யூட்டருக்குள் அடைக்கிற வேலையில் மழை பெய்தாலும் திட்டு, பெய்யாவிட்டாலும் திட்டு.

தொண்ணூறுகளில் மலாக்கா டவுனில் ஒரு சின்ன ஆபீசில் அந்த வேலையைப் பார்த்தேன். வெள்ளம் எங்கே ஏறும், துறைமுகத்தில் மண் எங்கே சேரும் என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கோடுகள் கரையோடு சேர்ந்து வளைய வேண்டும். ஆனால் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மூலை நேராக நிற்க வேண்டும். இதற்குக் கிரிட் என்று பெயர். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கோணிக்கொள்ளும். அளவு சரியில்லாத உறையை மெத்தைக்கு மாட்டிப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் கிரிட்

நான் பிளான் வரைகிறவனாகச் சேர்ந்தவன். ஒருநாள் பெட்டியில் சாப்ட்வேரும் தடித்த ஆங்கிலப் புத்தகமும் வந்தன. யாரும் தொடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நான்தான் படித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லவும் ஆள் இல்லை. அது ஒருவகையில் வசதி.

மீன்பிடித் துறைமுகம் ஒன்றுக்குக் கிரிட் போட்டு, பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். முதலாளி தவுக்கே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோடு நிறைய இருக்கிறதே, கடல் எங்கே என்று மலாயில் கேட்டார்: "பாஞாக் காரிஸ்! லாவுட் மானா?"

மலையான கடல்

ஆற்றை அளக்கிறவர்கள் உயரத்தை மேல்நோக்கி எழுதுவார்கள். கடலை அளக்கிறவர்கள் ஆழத்தைக் கீழ்நோக்கி எழுதுவார்கள். இரண்டு தாளும் முகத்துவாரத்தில் சந்திக்கும். ஒருமுறை இரண்டையும் அப்படியே சேர்த்துவிட்டோம். திரையில் ஆறு ஒழுங்காக இறங்கி வந்தது; கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மலை நின்றது.

படகில் போய்க் கோல் போட்டு ஆழம் பார்த்தவன் முனியாண்டி. ஈரக் கால்சட்டையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தான். "அண்ணே, தெரியாம போட்ல போயிட்டேன். ஏணியில்ல கொண்டு போயிருக்கணும் லா!"

உள்வளைவு

மெர்லிமாவ் பக்கம் ஒரு சிற்றாறு. தடுப்புக் கரை எங்கிருந்து எதுவரை கட்டுவது என்று எங்கள் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அந்த ஆறு கொக்கியாக வளைகிறது. வளைவின் உள்பக்கத்தில் ஒரு வரிசை லயன் வீடுகள், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம்.

உள்பக்கத்தில்தான் கோடுகள் எல்லாம் வந்து நெருக்கும். கட்டங்கள் நசுங்கி நூலாகிவிடும். கட்டம் சின்னதானால் கம்ப்யூட்டரும் சின்ன அடியாகத்தான் எடுத்து வைக்கும். கணக்கு முடியவே முடியாது. எஞ்சினியர் ஜேம்ஸ் என்னைவிட இளையவர், நல்லவர், அவசரக்காரர். வளைவை வெட்டி நேராகப் போட்டுவிடுங்கள் என்றார். வெட்டினால் லயம் கிரிட்டுக்கு வெளியே போய்விடும். கிரிட்டில் இல்லாத இடத்தில் வெள்ளம் வராது. வெள்ளம் வராத இடத்துக்கு யார் கரை கட்டுவார்கள்? முடியாது என்றேன். ஜேம்ஸ் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன்ணே, அங்க ஒங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

பாக்கியம் அக்கா

சொந்தக்காரர் யாரும் இல்லை. இருந்தாலும் அடுத்த நாள் முனியாண்டியோடு மோட்டார் சைக்கிளில் போனேன். கடைசி வீட்டில் பாக்கியம் அக்கா இருந்தார். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை முடித்து வந்து, பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கறை. அரிசி டின் அலமாரிக்கு மேலே இருந்தது. மழைக்காலம் முடிகிறவரை அதைக் கீழே இறக்குவதில்லையாம்.

நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்டார். இந்த வளைவால் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று முனியாண்டி உளறிவிட்டான். அக்கா பிரஷ்ஷை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, ஒங்க மெசினுக்கு மூச்சு வாங்குதுன்னா நாங்க முழுகணுமா?"

வீட்டில் கேட்டது

தவுக்கே கூப்பிட்டார். நான் செய்யாவிட்டால் வேறு ஆள் செய்வான், என் இடத்திலும் அவனே உட்காருவான் என்றார். தாராளமாகக் கொடுங்கள், நான் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் மனைவி கமலாவிடம் சொன்னேன். இப்போது அவள் இல்லை. அந்தக் குரல் இருக்கிறது. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "போனா போகுது. நாளைக்கு அந்தப் பக்கம் பஸ்ல போறப்ப ஜன்னலோரமா உக்காந்து வெளிய பாக்க முடியணும்ல?"

அசிங்கமான வெளிக்கரை

வேறு ஆள் வருவதற்குள் எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். வளைவின் வெளிப்பக்கத்தில் கட்டங்களைத் தாராளமாக அகல விட்டேன். அதனால் உள்பக்கம் நசுங்காமல் மூச்சுவிட்டது. லயம் முழுவதும் உள்ளே நின்றது. வெளிக்கரை மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. அங்கே கணக்கு அவ்வளவு நுணுக்கமாக வராது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஜேம்ஸ் முகம் சுளித்தார். வெளிக்கரையில் செம்பனைதான் நிற்கிறது, அதற்குச் சோறு பொங்குகிற அடுப்பு இல்லை என்றேன். கணக்கு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓடியது. திங்கட்கிழமை திரையில் லயத்தின் மேல் வெள்ளத்தின் நீலம் படர்ந்திருந்தது. ஜேம்ஸ் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கரையை முடிவு செய்யும் கூட்டத்துக்குப் போனார். அந்த நீலத்தின் மேல் விரலை வைத்து, இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று அவரே சொன்னாராம். திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கர அங்கேயும் வருதுண்ணே. ஆனா அடுத்த கிரிட்டு அழகா இருக்கணும்."

கரை வந்த பிறகு

கரை கட்டி முடித்து ஒரு மழைக்காலமும் போனபின் அந்த வழியாகப் போனேன். லயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. அரிசி டின் தரையில் இருந்தது. எனக்குள் கொஞ்சம் பெருமை. இல்லை என்று சொல்ல மாட்டேன். பாக்கியம் அக்கா வாசலில் நின்று, இடுப்பில் கைவைத்துக் கரையைக் காட்டினார். "ஒன்ன மாதிரி படிச்சவங்க கட்டுன லட்சணத்தப் பாரு! துணி தொவைக்க ஆத்துக்குப் போறதுன்னா இப்ப மல ஏறி எறங்கணும், காத்தும் வர மாட்டேங்குது!"

திட்டுவதற்கு அவர் அங்கே காய்ந்த தரையில் நின்றுகொண்டிருந்தார் அல்லவா, இந்தத் தொழிலில் இதற்கு மேல் ஒரு நற்சான்றிதழ் எனக்கு வேண்டாம்.