கோரை நட்ட வருஷம்

யாராவது சொந்தக் கொல்லையில் கோரையை நடுவார்களா? எங்கள் அம்மா நட்டாள். ஆற்றங்கரைக் கோரை எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்குள் நுழையாமல் பார்ப்பதிலேயே நைனாவுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் அதைப் பிடுங்குகிற வேலைதான்.

நகரிப் பக்கம் ஆந்திரா, மெட்ராஸ் என்று எல்லை பிரித்துக்கொண்டிருந்த சமயம். ஆறும் அக்கரையும் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகிறது, கோரை எதுவரை முளைத்திருக்கிறதோ அதுவரைக்கும் ஆறு என்றுதான் அளப்பார்கள் என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் வீடு இக்கரையில், கோரை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அம்மா பிறந்த வீடு அக்கரையில்.

"ஆடிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறதுக்கு வேற ராஜ்யத்துக்கா போவணும்? அதெல்லாம் முடியாது" என்றாள் அம்மா. மறுநாளே மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கினாள். கோரையைக் கிழங்கோடு பெயர்த்து, கூடையை என் தலையில் ஏற்றி, வீட்டைத் தாண்டிக் கொல்லை வரைக்கும் நட்டுக்கொண்டே போனாள். தண்ணீர்கூட ஊற்றினாள். பிடுங்கிப் பிடுங்கிக் கை காய்த்துப்போன எனக்கு ஒரே குஷி.

நைனா தலையில் அடித்துக்கொண்டார். "இத்த நடறதுக்கா உன்ன கட்டிக்கினு வந்தேன்? நாளைக்கு என்னாத்த துன்றது?"

"கோரக் கெழங்க துன்னு."

கோரை மளமளவென்று கிளம்பிக் கடலையை அமுக்கியது. சர்வேயரும் வந்தார். கோரையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், சங்கிலியை இழுக்கச் சொன்னார், எங்கள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே கல்லை நட்டார். நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அந்தக் கல்லின் மேல் கோபம் கோபமாக வந்தது.

சர்வேயர் நல்ல மனுஷர்தான். போகும்போது, கோரையை இப்போதே பிடுங்காவிட்டால் கொல்லையே வீணாகிவிடும் என்று நைனாவிடம் தெலுங்கில் எடுத்துச் சொன்னார். எந்த அதிகாரி வந்தாலும் தெலுங்கிலேயே குழைகிற நைனா, அன்று தமிழில் பதில் சொன்னார்.

"எங்க கொல்ல, எங்க கோர. அது இருந்துட்டுப் போவட்டும். நீங்க உங்க கல்லப் பாத்துக்கினு போங்க."

அந்த வருஷமும் கடலை இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. நைனா அடுத்தவர் கொல்லைக்குக் கூலிக்குப் போய்க் களை எடுத்தார். எங்கள் கொல்லையில் ஒரு கோரையைக்கூடத் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. சொந்த வேலை என்றால் எங்கள் நைனாவுக்குச் சோம்பல் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.